மேய்ச்சல் நிலத்தில் புல்லுக்குத் தீ வைக்கலாமா?

கேள்வி: போடிமெட்டுச் சாலைக்குக் கீழே, மலையடிவாரத்தில் எனக்கு 6 ஏக்கர் பட்டா மேய்ச்சல் நிலம் உள்ளது. சுக்குநாறிப் புல் முற்றி இடுப்பளவு நிற்பதால் மாடுகள் முகர்ந்துவிட்டு ஒதுங்குகின்றன; ஓரத்தில் உண்ணிச்செடியும் ஏறி வருகிறது. என் தந்தையார் மாசியில் தீ வைப்பார். மழை பெய்ததும் இளந்துளிர் வரும். இந்த மாசியில் நானும் வைக்கலாமா?

பதில்: ஐயா, தங்கள் தந்தையார் கண்ட பலன் உண்மையே. முற்றிய புல்லில் தண்டும் சருகுமே மிஞ்சிப் புரதம் குறைந்துவிடுகிறது. அவை நீங்கினால் தூரின் அடிவரை வெயில் இறங்கித் துளிர் பிடிக்கும். ஆனால் மாசியில் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 2018 மார்ச் 11 அன்று, அதாவது மாசிக் கடைசியில், உங்கள் பக்கத்துக் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ 20க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பகலில் மலையேறும் காற்றோடு சரிவில் மேல்நோக்கிப் பாயும் தீயை ஆளால் முந்த முடியாது.

எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில், வரையாட்டுக்கு இளம்புல் கிடைப்பதற்காக, முதுவர் பழங்குடி மக்களின் துணையோடு குளிர்காலத்தில் புல்வெளியைத் துண்டு துண்டாக எரிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அவ்வாறு எரிப்பதற்குரிய பதத்தைக் கையாலேயே அறியலாம். ஒரு தூரை விரித்துப் பார்த்தால் மேலே சருகும் அடியில் பச்சையும் இருக்க வேண்டும். அடிமண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். அந்த ஈரம் இருக்கும்போது தீ மேலோட்டமாகச் சென்று, வேரையும் மண்ணுக்குள் இருக்கும் உயிர்களையும் விட்டுவைக்கும். மாசியில் அந்த ஈரம் இருப்பதில்லை.

ஆறு ஏக்கரையும் ஒரே ஆண்டில் எரித்தால் கௌதாரி, காடை, முயல் ஆகியவற்றுக்கு ஒதுங்க இடமில்லாமல் போகும் என்பதால், ஆண்டுக்கு இரண்டு ஏக்கர் என முறை வைத்துக்கொள்வது நல்லது. எரிப்பதற்கு முன் நிலம் முழுவதும் நடந்து கூடுகளைப் பார்த்துவிடுங்கள். முட்டை இருந்தால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள்.

உண்ணிச்செடியைத் தீயால் ஒழிக்க முடியாது. கருகிய அடிக்கட்டையிலிருந்தே அது மறுபடி கிளைக்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குவதே வழி.

பட்டா நிலமானாலும் காப்புக்காடு அருகில் இருப்பதால் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டுமே எரிக்க வேண்டும். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி, காப்புக்காட்டுக்கு ஆபத்து நேரும்படி தீ மூட்டுவதும் குற்றமாகும்.

இவ்வாண்டு புல்லை அரிவாளால் அறுத்துத் தொழுவத்தில் படுக்கையாகப் பரப்புங்கள். சாணமும் மூத்திரமும் ஊறியபின் குப்பையில் சேர்த்தால் நல்ல எருவாகும். எரித்தால் அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். அடுத்த தை மாதத்தில், பதம் பார்த்து, சுற்றிலும் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போட்டு, ஆட்களும் தண்ணீரும் தயாராக இருக்க, காற்று அடங்கிய வேளையில் மேட்டிலிருந்து கீழ்நோக்கி எரியும்படி வையுங்கள். எரிந்த துண்டில் துளிர் ஒரு சாண் உயரும்வரை மாடுகளை விட வேண்டாம். அதற்கு முன் கடித்தால் தூர் இளைத்து, அந்த இடத்தை உண்ணிச்செடி பிடித்துக்கொள்ளும்.