சிறுகதைப் பாத்திரங்களும் கருப்பொருளும்: மலையகப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

ஓ.எல் (சாதாரண தரம்), ஏ.எல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளைகளும், பெற்றோர் சிலரும், இளம் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இலங்கையின் ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் பல வருஷம் தமிழும், கொஞ்சக் காலம் ஆங்கில இலக்கியமும் படிப்பித்தவன் நான். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கதையை வாசிக்காதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால், தேவையான இடத்தில் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மஸ்கெலியா, தரம் 11 மாணவி: சேர், கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் தாயம்மாளின் பாத்திரப் பண்பை எழுதச் சொன்னார்கள். இரக்கம், அன்பு, பொறுமை, தாய்மை என்று நான்கும் எழுதினேன். பாதிப் புள்ளிதான் கிடைத்தது. எதை விட்டுவிட்டேன்?

நீங்கள் எழுதிய நான்கும் சரி மகள். ஆனால் அந்த நான்கையும் எந்தக் கதையில் வருகிற எந்த அம்மாவுக்கும் எழுதலாம். தாயம்மாளை மட்டும் காட்டுகிற ஓர் இடம் உங்கள் விடையில் இருக்க வேண்டும். இந்தக் கதையில் அந்த இடம் துண்டுதான்.

கதையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஏழைக் குடும்பம், தீபாவளி நேரம். கணவனுக்கென்று ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறாள் தாயம்மாள். எச்சில் இலையில் கிடந்ததைத் தின்றுகொண்டிருந்த அநாதைப் பையன் ஒருவன் வந்து சேர்கிறான். உடம்பெல்லாம் சிரங்கு. பெயர் ராஜா. அவனுக்குச் சோறு போடுகிறாள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். அதுவரைக்கும் அவளுக்குச் சிரமம் இல்லை. குளிப்பாட்டி முடிந்த பிறகு, அவனுக்கு எதை உடுத்துவது? அங்கேதான் திகைக்கிறாள். வீட்டில் புதிதாக மிஞ்சியிருப்பது அந்தத் துண்டு மட்டும். சின்ன மகள் மங்கம்மாள்தான் அதைக் கொடுக்கச் சொல்கிறாள். தாயம்மாளும் கொடுத்துவிடுகிறாள்.

‘இரக்கமுள்ளவள்’ என்று நிறுத்தாமல், ‘கணவனுக்காக வைத்திருந்த துண்டைக் கொடுப்பதா என்று ஒரு கணம் திகைத்து, பிறகு கொடுக்கிறாள்’ என்று எழுதிப் பாருங்கள். வறுமை, கணவன் மேல் வைத்த பாசம், இரக்கம் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடுகிறது. அந்தத் திகைப்பை விட்டுவிடாதீர்கள். யோசிக்காமல் தூக்கிக் கொடுத்திருந்தால் அவளைக் கும்பிடத்தான் முடியும். திகைப்பதால்தான் அவளை நமக்குத் தெரிகிறது.

கொட்டகலை, தரம் 10 மாணவர்: கருப்பொருள் என்றால் கதை சொல்லும் படிப்பினையா? இரண்டையும் ஒன்றாக எழுதலாமா?

வேண்டாம் தம்பி. அதே கதையை எடுத்துக்கொள்வோம். ‘பண்டிகை நாளில் ஏழைகளுக்கு உதவ வேண்டும்’ என்று எழுதினால் அது படிப்பினை. கதையை வாசிக்காதவரும் அதை எழுதிவிடலாம். கருப்பொருளைக் கண்டுபிடிக்கக் கதையின் தொடக்கத்தையும் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா என்ற போட்டி. பணக்கார வீட்டு ராமசாமி கை ஓங்கி நிற்கிறான். முடிவில், தன் வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளையான ராஜா வந்திருப்பதாக அவன் பெருமை பேச, மங்கம்மாள் தன் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள்.

அவள் உபதேசம் எதுவும் செய்யவில்லை. பழைய போட்டியைத்தான் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறாள். ஆனால் ‘இருக்கிறது’ என்று சொல்லிக்கொள்ள அவளிடம் இப்போது இருப்பது ஒரு மனுஷப் பிள்ளை. உடைமையா மனிதனா, எது பெருமை என்ற கேள்வி கதை முழுக்க ஓடுகிறது. அதை எழுதுங்கள். படிப்பினை கேட்டால் மட்டும் படிப்பினை.

தலவாக்கலை, ஆங்கில இலக்கியம் எடுத்த மாணவி: சாகியின் ‘த லம்பர் ரூம்’ கதையில் வருகிற நிக்கொலஸ் கெட்ட பிள்ளையா, கெட்டிக்காரப் பிள்ளையா? வகுப்பில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டோம். அத்தையைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

நல்ல சண்டை. இப்படிச் சண்டை வருகிற வகுப்பில் பிள்ளைகள் கதையை உண்மையாகவே வாசித்திருக்கிறார்கள்.

1914இல் வந்த தொகுப்பில் உள்ள கதை இது. நிக்கொலஸ் தன் பாலும் பாணும் இருந்த கோப்பையில் தானே தவளையைப் போட்டுவிட்டு, தவளை இருக்கிறது என்கிறான். இருக்கவே முடியாது, பிதற்றாதே என்கிறார்கள் பெரியவர்கள். ஆனால் தவளை இருக்கிறது. தண்டனையாக மற்றப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டு இவனை வீட்டில் நிறுத்துகிறாள் அத்தை. நெல்லிக்காய்த் தோட்டத்துக்குள் போகக் கூடாது என்றும் கட்டளை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவனுக்கு அந்தத் தோட்டத்துக்குள் போகிற எண்ணமே கிடையாது. போகப்போகிறவன் மாதிரி இரண்டொரு தடவை வாசல் பக்கம் நடமாடுகிறான், அவ்வளவுதான். அத்தை அன்று பின்னேரம் முழுக்க அங்கேயே காவல் இருக்கிறாள். இவன் சாவியை எடுத்துக்கொண்டு பூட்டிக்கிடக்கும் சாமான் அறைக்குள் போய்விடுகிறான். அத்தையின் மனம் எப்படி வேலை செய்யும் என்று அவனுக்குத் தெரியும், அவன் மனம் அத்தைக்குத் தெரியாது. இரண்டு பேருடைய பாத்திரத்தையும் இந்த ஓர் இடத்தை வைத்தே எழுதிவிடலாம்.

அத்தை பாவமா என்று கேட்டீர்கள். அந்தத் தோட்டத்து மழைநீர்த் தொட்டிக்குள் விழுந்து, ஏணி கொண்டுவா என்று கூப்பிடும்போது பாவம்தான். ஆனால் அவளுக்கு எதிராக அவன் எடுப்பதெல்லாம் அவள் சொன்ன சொல். தோட்டத்துக்குள் வரக் கூடாது என்று சொன்னது யார்? ஸ்ட்ரோபெரி ஜாம் வீட்டில் இல்லை என்று முதல்நாள் பொய் சொன்னது யார்? இன்னொன்று, அவள் அவனுக்கு நேரடி அத்தையே இல்லை. அவனுடைய மச்சான் மச்சாளுக்குத்தான் அத்தை, இவனுக்கும் அத்தை என்று தானே சொல்லிக்கொள்கிறாள். கதாசிரியர் போகிற போக்கில் சொல்லிவிடுகிற வரி அது, பிள்ளைகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்ட ஆள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கெட்டவனா கெட்டிக்காரனா என்பதில் நான் நிக்கொலஸ் பக்கம். கற்பனை இல்லாத பெரியவர்களுக்கும் கற்பனை உள்ள பிள்ளைக்கும் நடக்கிற சண்டை இது. பூட்டிய அறைக்குள் அவன் எதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறான்? வேடன், அம்பு பட்ட மான், காட்டுக்குள்ளிருந்து வருகிற ஓநாய்கள் உள்ள ஒரு திரைச்சீலையின் முன்னால். படத்தில் இல்லாத மிச்சக் கதையை அவனே யோசிக்கிறான். அவனிடம் கொஞ்சம் கொடூரம் இருக்கிறது என்று உங்கள் எதிர்க்கட்சி சொன்னால், அதுவும் சரிதான். அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

நோர்வூட், ஒரு தாய்: ஐயா, நான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவ. அஞ்சாம் வகுப்போடு நின்னுட்டேன். மகன் ஓ.எல் எடுக்கப் போறான். கதைப் பாடத்துல நான் எப்படி உதவ முடியும்?

உங்களால் நன்றாக உதவ முடியும் அம்மா. மலையிலிருந்து வந்து, தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்லும்போது ‘அவ ஏன் அப்படிச் செஞ்சா?’ என்று மட்டும் கேளுங்கள். அவனால் சொல்ல முடியாத இடம் எதுவோ, அதுதான் அவன் திரும்ப வாசிக்க வேண்டிய இடம்.

மாசியில் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்தானே நீங்களும். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி மன்மதனைத் தடுக்கிறாள், இரண்டு பேரும் தர்க்கம் பண்ணுகிறார்கள். ரதி பக்கம் நியாயமா, மன்மதன் பக்கம் நியாயமா என்று லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் விடிய விடியப் பேசுகிறோம். பாத்திரத்தை ஆராய்வது என்பது அந்தப் பேச்சுத்தான். அந்தப் பேச்சை மகனுடைய பாடக் கதைக்கும் கொண்டுபோங்கள். அவன் சொல்கிற பதில் உங்களுக்குச் சரியாகப் படாவிட்டால், தயங்காமல் மறுத்துப் பேசுங்கள்.

பண்டாரவளை, தரம் 11 மாணவர்: ஒஸ்கார் வைல்டின் ‘நைட்டிங்கேலும் ரோஜாவும்’ கதையின் கருப்பொருள் தியாகம் என்று எழுதினால் போதுமா?

தொடக்கத்துக்குப் போதும், முழு விடைக்குப் போதாது. 1888இல் வந்த கதை. மாணவன் ஒருவன் காதலிக்காகச் சிவப்பு ரோஜா தேடுகிறான். அவனுக்காக நைட்டிங்கேல் பறவை முள்ளில் நெஞ்சை அழுத்தி, இரவு முழுக்கப் பாடி, தன் இரத்தத்தால் ஒரு பூவைச் சிவப்பாக்கிவிட்டுச் செத்துப்போகிறது. அவன் காதலிக்கிற பேராசிரியரின் மகளோ வேறொருவன் அனுப்பிய நகைதான் உசத்தி என்கிறாள். மாணவன் பூவைத் தெருவில் எறிய, வண்டிச் சக்கரம் ஏறிப் போகிறது.

பறவையின் தியாகத்தை இந்த இரண்டு பேரில் ஒருவராவது அறிந்தார்களா? அவன் அறியவே இல்லை. பறவை பாடுவதைக் கேட்டுக்கொண்டே, பாட்டில் அழகு இருக்கிறது, உணர்ச்சி இருக்குமா என்று யோசித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறான். அந்த இடம்தான் எனக்கு மிகவும் வலிக்கிற இடம். புத்தகத்தில் காதலைப் படித்தவனுக்கு எதிரே நிற்கிற காதல் தெரியவில்லை. தியாகம் என்று எழுதுங்கள், அதோடு அதன் அருமை தெரியாத உலகத்தையும் எழுதுங்கள்.

பொகவந்தலாவை, மாணவி: துணைப் பாத்திரங்களைப் பற்றி எழுதினால் நேரம் வீணா?

கேள்வி முக்கியப் பாத்திரத்தைப் பற்றியது என்றால் ஒரு வரி போதும். நைட்டிங்கேலுக்காகக் கவலைப்படுகிற ஓக் மரம் மாதிரி, முக்கியப் பாத்திரத்தை நமக்குக் காட்டித் தருகிறவர்களுக்கு மட்டும் அந்த ஒரு வரி.

ஹப்புத்தளை, இளம் ஆசிரியை: எங்கள் வாழ்க்கையைச் சொல்லும் கதைகளை வகுப்பில் எடுத்தால் சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். லயம், கங்காணி, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்ற சொற்கள் வந்தாலே கூச்சப்படுகிறார்கள். என்ன செய்யலாம் சேர்?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. டீச்சர், அந்தக் கூச்சத்துக்குக் கதை காரணம் இல்லை. அந்தச் சொற்களை வெளியே யாரோ இளக்காரமாகச் சொல்லி இந்தப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். எழுத்தில் அவை மரியாதையோடு வருவதைக் காட்டுவதுதான் நம் வேலை.

உயர்தரப் பிள்ளைகள் என்றால் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யிலிருந்து தொடங்கலாம். 1935இல் மணிக்கொடி இதழில் வந்தது. மருதி என்ற பெண் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, நம் நாட்டில் வாட்டர்பாலம் என்று அவர் பெயர் வைத்திருக்கிற தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறாள். கதை தோட்டத்தில் தொடங்கவில்லை, கிராமத்தில்தான் தொடங்குகிறது. அங்கே சாதியும் பண்ணையாரும், இங்கே துரையும் நோயும். மருதியின் துன்பம் அவள் பிறப்போடு வந்ததல்ல. அவளை அப்படி வைத்தவர்கள் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த அமைப்பே உதவுகிறது.

ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அது வெளியிலிருந்து பார்த்த கதை, அவலம்தான் மேலே நிற்கும். அடுத்து உள்ளேயிருந்து எழுதியவர்களைக் கொடுங்கள். என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ தொகுப்பில் உள்ள கதைகள். தெளிவத்தை என்பது அவர் வேலை பார்த்த தோட்டத்தின் பெயர். அதையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு 2022இல் காலமாகும்வரை எழுதினார். 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது. கூச்சப்படுகிற பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். பிறகு கொழுந்து நிறுக்கிற இடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். யார் முன்னால் நிற்கிறார், யார் தராசைப் பார்க்கிறார், யார் பார்க்காமல் நிற்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

நுவரெலியா, மாணவர்: மாப்பசானின் ‘நெக்லஸ்’ கதையில் மத்தில்ட் பேராசைக்காரி என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அது பாதிக் கதைதான். விருந்துக்காக நகையை இரவல் வாங்குவது ஆசை. தொலைத்துவிட்டு, 36,000 பிராங்குக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்து, பத்து வருஷம் பாத்திரம் தேய்த்துக் கடனை அடைப்பது வேறு குணம். அந்த வைராக்கியத்தையும் எழுதுங்கள். நகை தொலைந்த அன்றே தோழியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், அது போலி நகை, கூடினால் 500 பிராங்குதான் என்று அப்போதே தெரிந்திருக்கும். சொல்ல விடாமல் தடுத்த கௌரவம்தான் என் பார்வையில் கருப்பொருள். கலியாண வீட்டுக்கு நகை இரவல் வாங்குகிற பயம் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

ராகலை, தரம் 11 மாணவி: கதையிலுள்ள வசனங்களை அப்படியே மனப்பாடம் பண்ண வேண்டுமா?

நீளமாக வேண்டாம். ஒரு கதைக்கு இரண்டு, மூன்று குறுகிய தொடர்கள். அதை யார், யாரிடம், எப்போது சொன்னார் என்பது வசனத்தைவிட முக்கியம்.

பதுளை, ஏ.எல் மாணவர்: கதாசிரியரோடு எனக்கு உடன்பாடு இல்லாவிட்டால் விடையில் அதை எழுதலாமா? செக்கோவின் ‘பந்தயம்’ கதையில் அந்த வழக்கறிஞர் பணத்தை விட்டுவிட்டுப் போவது எனக்கு முட்டாள்தனமாகப் படுகிறது.

தாராளமாக எழுதலாம். பதினைந்து வருஷம் தனிமைச் சிறையில் இருந்தால் இருபது லட்சம் ரூபிள் என்று வங்கிக்காரரோடு பந்தயம். கெடு முடிய ஐந்து மணித்தியாலம் இருக்கும்போது வெளியேறப் போவதாகக் கடிதம் எழுதி வைக்கிறார், அப்படியே போயும்விடுகிறார். முட்டாள்தனம் என்று நீங்கள் சொன்னால், அந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வாசித்த புத்தகங்களையும் உலகத்து ஞானத்தையும் வெறுக்கிறேன் என்கிறார் அதில். அது ஞானமா, இல்லாவிட்டால் தனிமையில் வந்த மனச்சிதைவா? மனச்சிதைவு என்பதற்கும் கதையில் சாட்சி இருக்கிறது. நாற்பது வயதில் எலும்பும் தோலுமாக, தலை நரைத்து உட்கார்ந்திருப்பதாகத்தான் செக்கோவ் அவரைக் காட்டுகிறார். அந்த வரியிலிருந்து உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.

கவிதை பற்றி வந்த கேள்விகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றுக்கு அடுத்த முறை பதில் எழுதுகிறேன்.