வெளிநாட்டில் பிஎச்டி முடித்தால் நெட் எழுத வேண்டாமா?

கேள்வி: சேலத்தில் எம்.எஸ்சி ஜியாலஜி கடைசி வருடம் படிக்கிறேன். வெளிநாட்டில் பிஎச்டி முடித்து, ஊருக்கே வந்து கல்லூரி ஆசிரியராக ஆசை. நெட் தகுதித் தேர்வு எழுதாமல் முடியுமா?

முடியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி, கியூஎஸ், டைம்ஸ், ஷாங்காய் ஆகிய உலகத் தரவரிசைகளில் ஏதாவது ஒன்றில், எந்த வருடமாவது முதல் 500-க்குள் வந்த பல்கலைக்கழகத்தின் பிஎச்டி இருந்தால் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் கேட்க மாட்டார்கள். பாடவாரிப் பட்டியலைப் பார்த்து ஏமாறாதீர்கள். உலகப் பல்கலைக்கழகப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

அப்படியும், போகும் முன் நெட் எழுதிவிடுங்கள். பிஎச்டி பாதியில் நின்றாலும் அது கையில் இருக்கும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பும் இல்லை, காலாவதியும் இல்லை. ஜியாலஜிக்கு உரியது, அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர் நெட்டின் புவி அறிவியல் தாள். 'புவியியல்' என்ற பெயரைப் பார்த்து யுஜிசி நெட்டில் ஜியாகிரபிக்கு விண்ணப்பித்துவிட வேண்டாம். சி பகுதியில் 80 கேள்விகளில் 25-க்கு எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மார்க். தவறினால் மார்க் குறையும் என்பதால், தெரியாததைத் தொடாமல் விடுவதும் ஒரு திறமைதான். மாநில அளவிலான தகுதித் தேர்வான செட், தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும்.

வெளிநாட்டில் பிஎச்டி இடம் பிடிக்கும் வேலை, அங்குள்ள பேராசிரியருக்கு அனுப்பும் மெயிலில் தொடங்குகிறது. மரியாதைச் சொற்களை அடுக்கி நூறு பேருக்கு ஒரே மெயில் அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. உங்களிடம் இருக்கும் சரக்கே வேறு. ஏற்காட்டு மலை சார்னோகைட் பாறை. கருப்பூர் பக்கம் மேக்னசைட் கனிமம். கரியமில வாயு கலந்த நீர் டியூனைட் பாறையோடு வினைபுரிந்து மேக்னசைட் உண்டாவதைத்தான், அந்த வாயுவைப் பாறைக்குள் பூட்டிவைக்க முயலும் ஆய்வுக் குழுக்கள் இன்று துருவிக்கொண்டிருக்கின்றன. அவர்களுடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்து, உங்கள் ப்ராஜெக்டில் வெட்டிய மெல்லிய பாறைச் சீவல் (தின் செக்‌ஷன்) படத்தோடு ஐந்தாறு வரி எழுதுங்கள். ஜெர்மனியில் பல பிஎச்டி இடங்கள் வேலையாகவே விளம்பரமாகும்: இ13 என்ற பொதுத்துறை ஊதிய நிலையில் பாதி முதல் முக்கால் சம்பளம். ஒப்பந்தத்தில்தான் பாதி நேரம்; லேபில் முழு நேரம்.

அடுத்து, நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இனிஷியலில். மார்க்ஷீட்டில் 'எஸ். கார்த்திக்' என்றிருக்க, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் கார்த்திக் குடும்பப் பெயராகி, முதல் பெயர் 'எஃப்என்யூ' ஆகிவிடும், அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை'. பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலின் விரிவை அந்தக் கட்டத்தில் போடுங்கள். முதல் ஆய்வுக் கட்டுரையிலும் அதே வடிவம் இருக்கட்டும். கூடவே ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) வாங்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

படிப்பின் மொத்த மார்க் விவரம் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட்டைக் கிளம்பும் முன்பே ஐந்தாறு பிரதி, முத்திரையிட்ட உறையில் வாங்கிவிடுங்கள். தன்னாட்சிக் கல்லூரியில் படித்திருந்தால் மார்க் கல்லூரித் தேர்வு அலுவலகத்தில் கிடைக்கும், பட்டம் மட்டும் பெரியார் பல்கலைக்கழகத்தில். இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக அலைய வேண்டும். உறையை நீங்களே பிரித்துவிட்டால், அந்தப் பிரதியைச் சான்று மதிப்பீட்டு நிறுவனங்கள் ஏற்காது.