சொல்லிவிட்டுப் போங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புதிதாக நர்சரியில் சேர்ந்த குழந்தைகளைப் பற்றியவை. 29 வருடம் நர்சரி வகுப்பு வாசலில் நின்று, அழுகிற பிள்ளைகளைத் தாயின் இடுப்பிலிருந்து என் இடுப்புக்கு வாங்கியவள் நான். அதனால் முதல் கடிதத்துக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

என் மகளுக்கு 3 வயது முடிந்து 2 மாதம். நர்சரியில் சேர்த்து 9 நாள் ஆகிறது. வாசலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். "பொம்மையைக் காட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நைசாகக் கிளம்பி வந்துவிடு" என்று மாமியார் சொன்னார். நான்கு நாளாக அப்படித்தான் வருகிறேன். வாசலில் அழுகை நின்றுவிட்டது. ஆனால் வீட்டில் நான் குளிக்கப் போனால்கூட கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறாள். இரவில் என் நைட்டியின் ஓரத்தைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறாள். நான் தவறு செய்துவிட்டேனா?
– ஒரு வாசகி

மாமியார் மேல் வருத்தப்படாதீர்கள் அம்மா. பேத்தி அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் சொல்லியிருப்பார். என் மூத்த மகனைச் சேர்த்தபோது நானும் இதையேதான் செய்தேன். நான் டீச்சராவதற்கு முந்தைய காலம் அது. மணல் தொட்டியில் அவன் குனிந்திருந்த நேரம் பார்த்து, பின்பக்கமாக வந்துவிட்டேன். தெருமுனை திரும்பும் வரை அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

மறுநாள் காலையில் என் செருப்பைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் கட்டிலுக்கு அடியில், சுவரோரம், கை எட்டாத தூரத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தள்ளி வைத்தவன் கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பு இல்லாவிட்டால் அம்மாவால் போக முடியாது என்று இரண்டே முக்கால் வயதுப் பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறான். துடைப்பக் கட்டையை விட்டு அந்தச் செருப்பை இழுத்து எடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நாம் நழுவி வந்தால் வாசலில் அழுகை குறையும். ஆனால் "கண் அசந்தால் அம்மா காணாமல் போய்விடுவாள்" என்பது குழந்தையின் மனதில் பதிந்துவிடும். அப்புறம் அவள் கண்ணை எடுக்காமல் காவல் இருக்கத்தானே செய்வாள்? குளியலறைக் கதவைத் தட்டுவதும், நைட்டி ஓரத்தைச் சுற்றிக்கொள்வதும் அந்தக் காவல்தான். அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாளையிலிருந்து சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வகுப்பு வாசலில் முட்டி போட்டு, அவள் முகத்துக்கு நேராக உங்கள் முகத்தை வைத்து, "அம்மா போயிட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள். நம் வீடுகளில் பெரியவர்களிடம்கூட "போறேன்" என்று மொட்டையாகச் சொல்ல மாட்டோம். போவதையும் வருவதையும் சேர்த்துத்தான் சொல்வோம். குழந்தைக்கு அந்த "வர்றேன்" மிகவும் முக்கியம். எப்போது வருவீர்கள் என்பதையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். 12 மணி, ஒரு மணி என்பதெல்லாம் 3 வயதில் வெறும் சத்தம். வகுப்பில் எது முடிந்து எது வரும் என்று மிஸ்ஸிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, "விளையாடி, சாப்பிட்டு, கதை கேட்டு, பையை மாட்டினதும் அம்மா வாசல்ல நிப்பேன்" என்று தினமும் அதே வரிசையில், அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் அவளே உங்களுக்குச் சொல்லிக்காட்டுவாள்.

சொன்னதும் ஒரு முறை கட்டிப்பிடித்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு முத்தம்" என்று நான்கு முறை திரும்பி வந்தால், அழுதால் அம்மா திரும்புவாள் என்று அவள் நம்புவாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவும் வேண்டாம். என் வகுப்பில் எத்தனையோ முறை, அழுது ஓய்ந்து கட்டைகளை அடுக்க ஆரம்பித்த பிள்ளை, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு முதலிலிருந்து அழத் தொடங்கியிருக்கிறது.

உங்களிடம் மறைக்காமல் ஒன்றைச் சொல்கிறேன். சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தால் இப்போது நின்றிருக்கும் அழுகை திரும்ப வரும். முதல் நாளைவிடச் சத்தமாகவும் வரலாம். பயப்படாதீர்கள். என் கையில் அழுத பிள்ளைகளில் அநேகம் பேர், அம்மா கண்ணிலிருந்து மறைந்து பத்து நிமிடத்துக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொம்மைப் பெட்டிப் பக்கம் போய்விடுவார்கள். வாசலைத் தாண்டிவிட்டதால் அம்மாவுக்கு அது தெரியாது. அந்த அழுகைச் சத்தத்தை நாள் முழுக்கக் காதில் சுமந்துகொண்டு திரிவாள். கால் மணி நேரம் கழித்து ஒரே ஒரு மெசேஜ் அனுப்பும்படி மிஸ்ஸிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல மிஸ் யாரும் அதைத் தொந்தரவாக நினைக்க மாட்டார்.

மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து ஆராய்ச்சி செய்தார். தாய் கொஞ்ச நேரம் அறையை விட்டுப் போய்விட்டுத் திரும்பி வருவாள். அவர் அதிகம் கவனித்தது, போகும்போது குழந்தை அழுததா என்பதை அல்ல. தாய் திரும்பி வந்ததும் அவளிடம் போய் ஆறுதல் அடைகிறதா என்பதைத்தான். நீங்களும் அதையே பாருங்கள். அழைக்கப் போகும்போது உங்களைக் கண்டதும் ஓடி வருகிறாளா? இல்லை, ஓவென்று அழுது, மடியில் ஏறி, கொஞ்ச நேரத்தில் சமாதானம் ஆகிறாளா? இரண்டுமே நல்லதுதான். அந்த ஐந்து நிமிடம் செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் மணி அடிப்பதற்கு முன்பே போய் நில்லுங்கள். மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பக் கிளம்ப, கடைசியில் மிச்சமிருக்கும் குழந்தை வாசலைப் பார்க்கிற பார்வையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெளியே ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் அது எழுந்து எழுந்து உட்காரும்.

உங்கள் கைக்குட்டை ஒன்றை அவள் பாக்கெட்டில் வைத்து அனுப்புங்கள். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் பழகிவிடுவார்கள். இடையில் காய்ச்சலோ நீண்ட விடுமுறையோ வந்தால் மறுபடி இரண்டு நாள் அழுவார்கள். ஒரு மாதத்துக்கு மேலாகியும் நாள் முழுக்க அழுகிறாள், சாப்பிடுவதில்லை, தூக்கம் கெட்டுப்போகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள். இன்னொன்றும் உண்டு. நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழந்தை திடீரென்று ஒரு குறிப்பிட்ட ஆளையோ அறையையோ வண்டியையோ கண்டு நடுங்கினால், "பழகிடும்" என்று விட்டுவிடக் கூடாது. அன்றைக்கே நேரில் போய் விசாரியுங்கள்.

நர்சரியில் சேர்த்த மூன்று மாதத்தில் நான்கு முறை சளி. என் மகனுக்கு எதிர்ப்பு சக்தி குறைவா? பள்ளியை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி

நிறுத்த வேண்டாம் அம்மா. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200 வகைக்கும் மேல் இருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே இருந்த குழந்தை இப்போதுதான் அவற்றை ஒவ்வொன்றாகச் சந்திக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு வருடத்தில் 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. புதிதாகப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவும் வரும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு மருத்துவரை நெருக்காதீர்கள், வைரஸிடம் அது வேலை செய்யாது. காய்ச்சல் இருந்தால் வீட்டிலேயே வைத்திருங்கள். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே குழிந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

என் பையனுக்கு மூன்றரை வயது. கூடப் படிக்கும் பிள்ளைகள் எழுத்து எழுதுகிறார்கள். இவன் பென்சிலைக் கொடுத்தால் கோடு கிறுக்கிவிட்டுப் போட்டுவிடுகிறான். தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறேன், அழுகிறான்.
– ஒரு வாசகர்

தம்பி, அந்த ஒரு மணி நேரத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். வளர்ந்தவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்பு. மூன்று வயதில் பெரும்பாலும் மூன்றோ நான்கோதான் எலும்பாக மாறத் தொடங்கியிருக்கும். எட்டாவது அதற்கும் பல வருடம் கழித்துத்தான் வரும். விரல் தசைகளும் அப்படித்தான், மெதுவாக வலுப்பெறும். எழுத மாட்டேன் என்கிறவனை அவன் கை இன்னும் அதற்குத் தயாராகாத பிள்ளை என்று பாருங்கள்.

கையைத் தயார் செய்ய வேண்டுமானால் களிமண்ணைக் கொடுத்து உருட்டச் சொல்லுங்கள். பழைய காகிதத்தைக் கிழிக்கட்டும். துணி கிளிப்பை அழுத்தி அழுத்திக் கொடியில் மாட்டட்டும். ஈரத் துணியைப் பிழியட்டும். மணலில் விரலால் கோடு போடட்டும். கிறுக்குவதும் எழுத்துக்கு முந்தைய வேலைதான். அதைப் பார்த்து "இது என்ன, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டீர்களானால் ஒரு கதையே சொல்வான். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிய நோட்டை அவன் முன்னால் விரித்துக் காட்டாதீர்கள், தயவுசெய்து.

மகன் பள்ளியில் சிறுநீர் கழிப்பதே இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடுகிறான். சில நாள் வழியிலேயே உடையை நனைத்துவிடுகிறான்.
– ஒரு வாசகி

வீட்டில் "உச்சா" என்று பழக்கியிருப்போம். பள்ளியில் "டாய்லெட்" என்பார்கள். எந்த வார்த்தையைச் சொல்வது என்று தெரியாமலேயே அடக்கிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. அவன் சொல்லும் வார்த்தையை மிஸ்ஸிடம் சொல்லி வையுங்கள். அனுமதி வாங்கி ஒரு நாள் நீங்களே அவனை அங்குள்ள கழிவறைக்கு அழைத்துப் போங்கள். இருட்டாக இருக்கிறதா, ஃப்ளஷ் சத்தத்துக்குப் பயப்படுகிறானா, பீங்கான் உயரமாக இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். பட்டன் வைத்த கால்சட்டை வேண்டாம், எலாஸ்டிக் போதும். பையில் மாற்றுடை இருக்கட்டும். நனைத்துவிட்டால் யார் முன்னாலும் அதைப் பேசாதீர்கள். தினமும் இப்படி அடக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். எரிச்சல், காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேரனை நர்சரியிலிருந்து அழைத்து வருவது என் பொறுப்பு. "இன்னைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறான். பள்ளியில் சமர்த்தாக இருக்கிறானாம். வீட்டுக்கு வந்ததும் ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கத்தி அழுகிறான். தண்ணீரை வேறு டம்ளரில் கொடுத்துவிட்டேன் என்று நேற்று அரை மணி நேரம் அழுதான். எங்களிடம் ஏதாவது குறையா?
– ஒரு தாத்தா

குறை எதுவும் இல்லை ஐயா. மூன்று நான்கு மணி நேரம் வரிசையில் நின்று, தன் முறை வரக் காத்திருந்து, பொம்மையை விட்டுக்கொடுத்து, அழுகையை விழுங்கிக்கொண்டு இருந்துவிட்டு வருகிறான். பெரியவர்களுக்கே அலுத்துப்போகும். தன்னைத் திட்ட மாட்டார்கள், விட்டுப்போக மாட்டார்கள் என்று யாரிடம் உறுதியாகத் தெரியுமோ அவரிடம்தான் பிள்ளை அதை எல்லாம் இறக்கி வைக்கும். அவன் டம்ளருக்காக அழவில்லை. உங்களிடம் அழலாம் என்று தெரிந்துதான் அழுகிறான். பக்கத்தில் உட்காருங்கள். சமாதானப்படுத்தப் பேசிக்கொண்டே இருக்க வேண்டாம்.

தூக்கத்தையும் கவனியுங்கள். 3 முதல் 5 வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். காலையில் சீக்கிரம் எழுப்பத் தொடங்கிய வீடுகள் இரவுத் தூக்கத்தை முன்னால் நகர்த்த மறந்துவிடுகின்றன.

"என்ன நடந்தது" என்பது அந்த வயதுக்கு மிகப் பெரிய கேள்வி. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் "ஒண்ணுமில்ல" என்கிறான். கேள்வியைச் சின்னதாக்குங்கள். "இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்தே?" "யாராவது அழுதாங்களா?" அதுவும் வாசலிலேயே கேட்காதீர்கள். என் பேத்தி தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் பேசுவாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சோப்பு நுரையோடு, காலையில் யார் யாரைத் தள்ளினார்கள் என்பது முதல் மிஸ்ஸின் வளையல் உடைந்தது வரை வரிசையாக வரும். நான் "ம்" மட்டும் சொல்வேன். நடுவில் எதையாவது கேட்டுவிட்டால் நிறுத்திவிடுவாள்.

நாளை வாசலில் நின்றதும் அவன் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கையைப் பிடித்து, பேசாமல் நடந்து பாருங்கள். நீங்கள் பார்த்ததை வேண்டுமானால் முதலில் சொல்லுங்கள். "வர்ற வழியில ஒரு குட்டி நாயைப் பார்த்தேன்டா" என்பது போல ஏதாவது ஒன்று.