தள்ளாட்டம், நடுக்கம், தலைசுற்றல்: லாத்வியன் நோயாளியிடம் எந்தச் சொல்?

கேள்வி: ரீகாவில் மருத்துவம் படிக்கிறேன். வார்டில் நோயாளிகளிடம் லாத்வியன் மொழியில்தான் பேச வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் அன்ஸ்டெடி, ஷேக்கி, வாபிளி, டிஸி என்று நான் யோசிக்கும் எல்லாவற்றுக்கும் செயலி ‘நெஸ்தபில்ஸ்’ என்றே தருகிறது. அதைச் சொன்னால் நோயாளிகள் விழிக்கிறார்கள், செவிலியர் பதறுகிறார். எந்தச் சொல்லை எங்கே சொல்வது?

பதில்: செவிலியர் பதறியதில் நியாயம் இருக்கிறது. ‘பத்ஸியெந்த்ஸ் இர் நெஸ்தபில்ஸ்’ என்றால் நோயாளியின் நிலைமை கவலைக்கிடம் என்று பொருள். ரத்த அழுத்தம் சரிகிறது, அல்லது மனநிலை கட்டுக்குள் இல்லை என்றுதான் வார்டில் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சொல்ல நினைத்தது, அவர் எழுந்து நின்றால் தள்ளாடுகிறார் என்பது. அதற்குச் சொல் வேறு.

செயலிக்கு ஆங்கிலப் பெயரடையைக் கொடுத்து லாத்வியன் பெயரடை வாங்கும் வழியை விட்டுவிடுங்கள். உடம்பு நிலைகொள்ளாமல் இருப்பதை லாத்வியர்கள் பெரும்பாலும் வினைச்சொல்லால் சொல்கிறார்கள், தமிழில் நாம் சொல்வது போலவே. கை நடுங்குது, தலை சுத்துது, கால் ஆடுது என்று தமிழில் நினைத்து, அந்த வினைக்கு நேரான வினையைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. இலக்கணத்திலும் இது லாபம். லாத்வியன் பெயரடைக்கு ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை, வேற்றுமை என்று விகுதி மாறிக்கொண்டே இருக்கும். போதாததற்கு ‘ஒரு’, ‘அந்த’ என்ற வேறுபாட்டுக்கும் தனி விகுதி உண்டு. வினையின் படர்க்கை வடிவமோ ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றுதான். கை ஒன்று நடுங்கினாலும் இரண்டு நடுங்கினாலும் ‘த்ரீத்ஸ்’.

உச்சரிப்பைப் பற்றி நாலு வார்த்தை. லாத்வியன் மொழியின் த ஒலி பல்லொலி. நம் ‘த’வுக்குத்தான் நெருக்கம், ‘ட’வுக்கு அல்ல. அழுத்தம் ஏறக்குறைய எப்போதும் முதல் அசையில். ஓ என்ற எழுத்தை, கடன் சொற்கள் தவிர மற்ற இடங்களில், ‘உவொ’ என்று வாசிக்க வேண்டும். குறில் நெடில் பொருளை மாற்றும்: ‘கல்வ’ என்றால் தலை, ‘கல்வா’ என்றால் தலையில். ஆகவே இங்கே அகரத்தில் முடியும் சொற்களை அப்படியே குறிலாக வாசியுங்கள். ‘கல்வ’வின் முதல் ஒலி ‘கங்கை’யில் இரண்டாவதாக வரும் க.

இனி தலைசுற்றல். ‘மன் ரெய்ப்ஸ்த் கல்வ’. மன் என்றால் எனக்கு, ரெய்ப்ஸ்த் என்றால் சுற்றுகிறது, கல்வ என்றால் தலை. ‘எனக்குத் தலை சுத்துது’ என்பதன் அச்சு அசலான அமைப்பு. சொல் வரிசை மட்டும் வேறு. ஆங்கிலம் வழியே யோசிப்பவர் ‘நான்’ என்று தொடங்கி மாட்டிக்கொள்வார். தமிழருக்கு இந்த நான்காம் வேற்றுமை பிறவியிலேயே வந்தது. நோயாளியிடம் கேட்கும்போது மரியாதைப் பன்மை வேண்டும்: ‘வை யும்ஸ் ரெய்ப்ஸ்த் கல்வ?’ (உங்களுக்குத் தலை சுற்றுகிறதா?). எழுந்திருக்கும்போது சுற்றுகிறதா என்று அறிய, பின்னால் ‘கத் பியெத்ஸெல்யத்தியெஸ்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இறந்த காலத்துக்கு ‘ரெய்ப’, எதிர்மறைக்கு முன்னால் ஒரு ‘நெ’: ‘நெரெய்ப்ஸ்த்’.

‘ஆமாம், சுத்துது’ என்று பதில் வந்ததும் நின்றுவிடக் கூடாது. தமிழில் மாதிரியே ரெய்ப்ஸ்த் என்பதற்குள் பலவும் அடங்கும். ‘வை இஸ்தப க்ரியெஷஸ்?’ (அறை சுழல்கிறதா?) என்று கேளுங்கள். ஆமாம் என்றால் உள்காதுப் பக்கம் யோசிக்கலாம். ‘மெத்தஸ் மெல்ன்ஸ் கர் அத்ஸீம்’ என்று அவரே சொன்னால், அது நம் ‘கண்ணை இருட்டிக்கிட்டு வருது’. உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டிய இடம்.

எழுதும்போது ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. தலைசுற்றலுக்கான பெயர்ச்சொல் ‘ரெய்புவொனிஸ்’. அதே வேரிலிருந்து வரும் ‘ரெய்பும்ஸ்’ என்றால் போதை. விகுதியை மாற்றிப் போட்டால், தலைசுற்றலோடு வந்த பாட்டியைக் குடித்துவிட்டு வந்தவர் என்று பதிவு செய்ததாகிவிடும். இந்த இரண்டை மட்டுமாவது பாக்கெட் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தள்ளாட்டத்துக்கு ‘க்ரீலியுவொயஸ்’. இங்கே ‘எனக்கு’ வராது, ஆள்தான் எழுவாய். தமிழிலும் ‘எனக்குத் தள்ளாடுது’ என்பதைவிட ‘நான் தள்ளாடுறேன்’ என்பதுதானே இயல்பு? லாத்வியனிலும் அப்படியே, ‘எஸ் க்ரீலியுவொயுவொஸ்’. இதற்குப் பக்கத்தில் ‘ஸ்த்ரெய்புல்யுவொ’ என்று ஒன்று உண்டு. தடுமாறித் தடுமாறி, கால் பின்னி நடப்பது. குடிபோதையின் வாடை அதிகம் அடிக்கும் சொல். முகத்துக்கு நேரே சொல்லாமல் இருப்பது நல்லது. குறிப்பேட்டில் நடையைப் பற்றி எழுத ‘நெத்ருவொஷ கய்த்த’ (உறுதியற்ற நடை) அல்லது ‘நெஸ்தபில கய்த்த’ என்று போடலாம். கய்த்த (நடை) பெண்பால் என்பதால் பெயரடை அகரத்தில் முடிகிறது. ஆனால் அதே நெத்ருவொஷ்ஸை மனிதர்மேல் வைத்தால் தன்னம்பிக்கை இல்லாதவர் என்றாகும். இடத்தின்மேல் வைத்தால் பாதுகாப்பற்றது.

‘லீத்ஸ்வர்ஸ்’ என்றால் சமநிலை. சமநிலைக் கோளாறுக்கு ‘லீத்ஸ்வர த்ரவ்த்ஸேயுமி’ என்று எழுதுங்கள். அதிலிருந்தே ‘நெலீத்ஸ்வருவொத்ஸ்’ என்று ஒரு பெயரடை கிடைக்கிறதே என்று ஆளின்மேல் அதைப் போட்டுவிடாதீர்கள். மனச் சமநிலை இல்லாதவர் என்று பொருள்பட்டுவிடும்.

நடுக்கத்துக்கு இரண்டு வினைகள். ‘மன் த்ரீத்ஸ் ருவொக்கஸ்’ என்றால் எனக்குக் கைகள் நடுங்குகின்றன. நுண்ணிய, தொடர் நடுக்கம். குளிரிலும் பயத்திலும் உடம்பே உதறுவது ‘த்ரெப்’. குரல் நடுங்குவதற்கு இரண்டும் பொருந்தும். மருத்துவக் குறிப்பில் கைநடுக்கம் ‘ருவொக்கு த்ரீத்ஸெ’. காய்ச்சலில் வரும் குளிர்நடுக்கம் ‘த்ரெபுலி’. இது பெரும்பாலும் பன்மையில்தான் காதில் விழும். இந்த இரண்டு பெயர்ச்சொற்களையும் குழப்பினால் நரம்பியல் அறிகுறி தொற்று அறிகுறியாகிவிடும். ஷேக்கி என்ற ஒரே ஆங்கிலச் சொல் இரண்டையும் மூடிவிடுவதால்தான் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது.

தமிழ் கைகொடுக்காத இடம் ‘ஆடுது’. நமக்கு மேசையும் ஆடும், பல்லும் ஆடும், படகும் ஆடும். லாத்வியனில் இவை பிரிந்துவிடும். மூட்டு தளர்ந்து ஆடுவது ‘லியுவொகாஸ்’: மேசைக்கும் நாற்காலிக்கும் இதுதான், முழங்காலுக்கும் இதுதான். ‘காயஸ் லியுவொகாஸ்’ என்று நோயாளி சொன்னால் கால்கள் நிற்க மாட்டேன் என்கின்றன. இதன் பெயரடை ‘லியுவொத்ஸீக்ஸ்’, வாபிளிக்கு நேர். ஊஞ்சல், படகு, தொங்குபாலம் போலச் சீராக அசைவது ‘ஷூப்புவொயஸ்’. பல் ஆடுகிறது என்பதற்குப் பெரும்பாலும் ‘ஸுவொப்ஸ் குஸ்தஸ்’, அதாவது பல் அசைகிறது. எண்கள் ஏறி இறங்குவது ‘ஸ்வார்ஸ்தாஸ்’: ரத்த அழுத்தம், விலை, மனநிலை எல்லாம் இதில் வரும். வானிலை நிலையில்லாமல் இருந்தால் ‘நெபஸ்தாவீக்ஸ்’. பால்டிக் கரையில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம்.

அப்படியானால் நெஸ்தபில்ஸுக்கு இடமே இல்லையா? உண்டு. அன்ஸ்டேபிள் என்று மருத்துவ நூல் சொல்லும் இடங்களில் தாராளமாக வரும்: ‘நெஸ்தபில ஸ்தெனொகர்திய’ (நிலையற்ற நெஞ்சுவலி), மூட்டின் நிலையின்மை. மருத்துவத்துக்கு வெளியே, விட்டு விட்டு வரும் இணையத்துக்கும் இதுதான். நோயாளியின் வாயில் மட்டும் அரிதாகவே வரும்.

அவர்கள் வாயில் வருவது வேறு. ‘காயஸ் நெக்லவ்ஸ’ என்றால் கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. ‘காயஸ் கா நுவொ வத்தெஸ்’ என்றால் கால்கள் பஞ்சால் செய்தது போல இருக்கின்றன. இரண்டையும் வலுவின்மை என்று உடனே மொழிபெயர்த்துவிடாமல், விழுந்தாரா என்று கேளுங்கள்: ஆணிடம் ‘வை எஸத் க்ரித்திஸ்?’, பெண்ணிடம் ‘வை எஸத் க்ரித்துஸி?’. பனிக்காலத்தில் இதற்கு ஆமாம் என்ற பதில் வந்தால், தலை சுற்றி விழுந்தாரா, பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாரா என்பதையும் பிரித்துக் கேட்க வேண்டும். வழுக்கலாக இருந்தது என்பதற்கு ‘பிய ஸ்லிதென்ஸ்’.

ரீகாவில் வயதானவர்கள் பலருக்கு வீட்டுமொழி ரஷ்யன். லாத்வியனில் கேட்டதற்கு ரஷ்யனில் பதில் வந்தால் ஊகித்து எழுதாதீர்கள், செவிலியரை அழையுங்கள்.

கேட்ட சொல்லை அகராதியில் தேடும்போது ஒரு சிக்கல் வரும். லியுவொகாஸ் என்பதற்கு மூலவடிவம் ‘லியுவொத்ஸீத்தியெஸ்’. நடுவில் இருக்கும் க, த்ஸ ஆகிவிடுகிறது. காதில் விழுந்தபடியே தேடிக் கிடைக்காவிட்டால் இந்த மாற்றத்தைச் செய்து பாருங்கள். தேஸவ்ர்ஸ் இணைய அகராதியில் மூலவடிவத்தைப் போட்டால் எடுத்துக்காட்டுத் தொடர்களும் வரும். பொருளைப் படிப்பதற்கு முன் அந்தத் தொடர்களில் எழுவாயாக இருப்பது மேசையா, காலா, ஆளா என்று பாருங்கள்.