மாதவிலக்குக்கு முந்தைய அவதி: பி6 மாத்திரையின் அளவைக் கூட்டலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பிருந்தே மார்பு வலி, வயிற்று உப்புசம், எதற்கெடுத்தாலும் எரிச்சல். தோழி சொன்னபடி வைட்டமின் பி6 மாத்திரையைத் தினமும் 100 மில்லிகிராம் எடுக்கிறேன். ஓரளவு பலன் தெரிகிறது. அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், குறைப்பதுதான் நல்லது. மனநிலையைச் சீராக்கும் செரட்டோனின் உருவாக பி6 தேவை என்பதால் இந்த மாத்திரை மாதவிலக்கு அவதிக்கு நல்லது என்று பெயர் வந்தது. சிலருக்குப் பலன் தருகிறது என்றாலும் ஆதாரம் அவ்வளவு வலுவானதல்ல. நீரில் கரையும் வைட்டமின்தானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பி6 விஷயத்தில் அது சரியல்ல. அளவு மிஞ்சி நெடுநாள் எடுத்தால் நரம்புகள் பாதிக்கப்படும். அமெரிக்காவில் ஒரு நாளுக்கான உச்ச வரம்பே 100 மில்லிகிராம்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 12 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. நீங்கள் பி காம்ப்ளெக்ஸும் எடுப்பவரானால் அதிலுள்ள பி6ஐயும் கணக்கில் சேருங்கள். கால் விரல்களில் மதமதப்போ ஊசி குத்துவது போன்ற உணர்வோ இருந்தால் இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், முதலில் முயல வேண்டியது கால்சியம். 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 466 பெண்களின் முடிவுகளை அலசினார்கள். தினமும் 1200 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாவது மாதவிலக்குச் சுழற்சியில் தொல்லைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்! ஆகவே மூன்று மாதமாவது பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். கால்சியம் கார்பனேட் என்றால் இரண்டு வேளையாகப் பிரித்து, சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி அவசியம். இரும்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மக்னீசியம், வைட்டமின் ஈ இரண்டுக்கும் ஆதாரம் சொற்பம். ஈவ்னிங் ப்ரிம்ரோஸ் என்ற பூச்செடியின் விதை எண்ணெய்க்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

மாத்திரையைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. இரண்டு மாதம், ஒவ்வொரு இரவும் அன்றைய தொல்லைகளைத் தேதியோடு ஒரு வரியில் குறித்து வையுங்கள். இரத்தப்போக்கு தொடங்கிய சில நாட்களில் எல்லாம் அடங்கிவிட்டால், மாதவிலக்குக்கு முந்தைய அவதிதான். மாதம் முழுவதும் நீடித்தால், மனச்சோர்வு, தைராய்டு கோளாறு என வேறு காரணங்களைத் தேட வேண்டும். வேலையையும் உறவுகளையும் குலைக்கும் அளவுக்கு இருந்தால் வைட்டமின் போதாது. செரட்டோனின் சார்ந்த மனச்சோர்வு மருந்துகள் நன்றாகவே வேலை செய்கின்றன. சிலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் எடுத்தாலே போதும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் குறிப்பேடு நிறையும்வரை காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள்.