கிணற்றில் குமிழி வந்தால் போதுமா?

கேள்வி: திருவொற்றியூரில் எங்கள் லாரி ஷெட்டின் நிலத்தடி டீசல் தொட்டி கசிந்துவிட்டது. நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைச் செலுத்திச் சுத்தம் செய்கிறார்கள். கண்காணிப்புக் கிணற்றில் குமிழி வருவதைக் காட்டி, காற்று எங்கும் பரவிவிட்டது என்கிறார் ஒப்பந்ததாரர். நம்பலாமா? மண்ணுக்குள் காற்று போகும் வழியைப் பார்க்க முடியுமா?

பதில்: பார்க்க முடியும். குமிழியை மட்டும் நம்ப வேண்டாம். கிணற்றின் துளைக்குழாய் காற்றுக்குக் குறுக்கு வழி. மெல்லிய கிளை ஒன்று அதை எட்டினாலே போதும், கிணறே கொதிப்பதுபோல் தெரியும்.

காற்று தனித்தனிக் குமிழிகளாக ஏறுவதற்குச் சுமார் 4 மி.மீ. பருமனுள்ள சரளை வேண்டும். உங்கள் பகுதியின் நுண்மணலில் அது பெரிய துளைகளில் உள்ள நீரைத் தள்ளிவிட்டு, மரத்தின் வேர்போலக் கிளைத்த தடங்களில் ஓடும். தடங்களுக்கு இடையில் உள்ள மண்ணுக்குக் காற்று நேரடியாகப் போய்ச் சேராது. குறுக்கே விரல் கனத்துக்குக் களிமண் இருந்தால் அதன் அடியிலேயே பக்கவாட்டில் ஓடி, அடுத்த வீட்டுத் தரையில்கூட வெளிவரலாம். டீசல் பெட்ரோல் அளவுக்கு ஆவியாகாது. ஆக்சிஜன் பெற்ற நுண்ணுயிர்கள்தான் அதில் பெரும்பகுதியைத் தின்று தீர்க்க வேண்டும். ஆகவே பரவல்தான் இங்கே முக்கியம்.

உங்களுக்கு ஏற்றது மின்தடைப் படம். தரையில் வரிசையாக எஃகு முளைகளை அடித்து மின்சாரம் செலுத்துவார்கள். நீர் மின்சாரத்தைக் கடத்தும், காற்று கடத்தாது. துளைகளில் இருந்த நீரில் ஐந்தில் ஒரு பங்கு போய்க் காற்று புகுந்தால், மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். கம்ப்ரசரை ஓட்டுவதற்கு முன் ஒரு படம், ஓடும்போது சில படங்கள் எடுத்து வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றைப் படத்தால் பயனில்லை; பழைய குழாய்களும் உப்புநீரும் கட்டட இடிபாடும் காற்றின் தடயத்தை மறைத்துவிடும். ரேடார் கருவியோடு யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். கடலோர உப்புநீர் அந்த அலைகளை விழுங்கிவிடும்.

முளை வரிசையின் நீளத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஆழம் வரைதான் தெரியும். 40 மீட்டர் ஷெட்டில் 8 மீட்டர். தனித்தனித் தடங்கள் தெரியாது, காற்று நுழைந்த பகுதி மட்டும் மங்கலாகத் தெரியும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் இரண்டு பிவிசி குழாய்க் கிணறுகளுக்குள் மின்முனைகளை இறக்க வேண்டும். இரும்புக் குழாய் உதவாது. கான்கிரீட் தரை என்றால் துளையிட்டு முளை மண்ணைத் தொட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு முதல் படத்தைப் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் காற்றுக்குச் சுமார் 10 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். அதைக் கண்டபடி ஏற்றினால் மண் பிளந்துவிடும்; பிறகு காற்றெல்லாம் அந்தப் பிளவு வழியாகவே போகும்.