சந்தின் கோடியில் ஒரு கல்லறைத் தோட்டம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் வேலை நிமித்தமாக ஒரு பெருநகரத்தில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒரு மதியம் வழி தவறி, இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே இருந்த சந்துக்குள் நுழைந்துவிட்டேன். கோடியில் ஓர் இரும்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே மரங்கள், பாசி படிந்த கல்லறைகள். வெளியே சாலை இரைந்துகொண்டிருந்தது. இங்கே சருகு விழுவது காதில் கேட்டது. அடுத்த மூன்று நாட்களும் மதிய வேளையில் அங்கேயே போய் உட்கார்ந்தேன். பல மாதங்களாகக் கிடைக்காத அமைதி அங்கே கிடைத்தது. கடைசி நாளில்தான் கவனித்தேன், நான் தினமும் சாய்ந்திருந்த கல்லில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் பெயர் இருந்தது. மனம் கூசிவிட்டது. யாரோ அழுத இடத்தில் நான் இளைப்பாறியது சரியா? இவ்வளவு மதிப்புள்ள நிலத்தை எப்படி இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மனக்கூச்சத்துக்கு அதிலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

எந்த நகரமும் நிலத்தைச் சும்மா விட்டுவைப்பதில்லை. பாரிஸின் நடுவே பல நூற்றாண்டுகள் இருந்த இன்னசென்ட்ஸ் இடுகாட்டை 1780இல் மூடினார்கள். 1786 முதல் அங்கிருந்த எலும்புகளை வண்டிகளில் ஏற்றி, பழைய கற்சுரங்கங்களுக்குள் கொண்டுபோய் அடுக்கினார்கள். இடுகாடு இருந்த இடம் சந்தையாயிற்று. உங்கள் தோட்டம் தப்பியிருக்கிறது என்றால், தலைமுறைக்கு ஒருவராவது குறுக்கே நின்று "கூடாது" என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் யாருடைய பெயரும் அங்கே எந்தக் கல்லிலும் இருக்காது.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நியூயார்க்கின் மார்பிள் கல்லறைத் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. மான்ஹாட்டனில் ஒரு வீதியிலிருந்து ஒடுங்கிய சந்து ஒன்று உள்ளே போகும். அதன் முடிவில், நாற்புறமும் கட்டடங்கள் சூழ ஒரு புல்வெளி. மஞ்சள் காய்ச்சலுக்கு அஞ்சி, மண்ணில் நேரடியாகப் புதைப்பதை நகரம் தடுத்திருந்த காலத்தில், 1830இல் உருவானது. தரைக்கு அடியில் 156 பளிங்கு அறைகள் இருக்கின்றன. புல்லின் மேல் ஒரு நடுகல் கூடக் கிடையாது. பெயர்களெல்லாம் சுற்றுச்சுவரில் பதித்த பலகைகளில் இருக்கின்றன. கல்லறை என்ற நம் சொல்லை அங்கேதான் எழுத்துக்கு எழுத்து உண்மையாகப் பார்க்கலாம். சந்தின் வாயிலைக் கடந்து போகிறவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே இது இருப்பது தெரியாது.

இத்தகைய இடங்களில் பல, ஊருக்கு வெளியே தொடங்கியவை. ஊர் வளர்ந்து அவற்றைத் தாண்டிப் போய்விட்டது. நீங்கள் உணர்ந்த நிசப்தத்தில் ஒரு பங்கு அந்த உயரமான கட்டடங்களின் உபயம். சாலைக்கும் உங்களுக்கும் நடுவே அவை மதில்போல் நின்று ஓசையை மறிக்கின்றன.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? உள்ளே தரை, சாலையைவிட உயரமாக இருந்ததா? பழைய கல்லறைத் தோட்டங்கள் பலவற்றில் அப்படித்தான். பிராக் நகரின் பழைய யூதக் கல்லறையில் 1439 முதல் 1787 வரை அடக்கம் செய்தார்கள். விரிவாக்க நிலம் இல்லை. இருப்பவர்களை அகற்ற மதம் அனுமதிக்கவில்லை. எனவே மேலே மண் கொட்டி, அதன்மேல் அடுத்தவரைப் புதைத்தார்கள். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு வரை போயிற்று. கீழே இருந்தவர்களின் கற்களையும் மேலே தூக்கி நட்டதால், இன்று சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

ஆனால் கல் கிடைப்பதே ஒரு வசதிதான். லண்டனின் சதக் பகுதியில் கிராஸ்போன்ஸ் என்ற இடம் இருக்கிறது. பரம ஏழைகளையும், ஊர் ஒதுக்கிவைத்த பெண்களையும் புதைத்த மண். 1853இல் மூடினார்கள். சுமார் 15,000 பேர் அங்கே இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். 1990களில் ரயில் பாதைப் பணிக்காக ஒரு சிறு பகுதியைத் தோண்டியபோது 148 எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றில் பல குழந்தைகளுடையவை. ஒருவருக்கும் கல் இல்லை. இப்போது மக்கள் அதன் இரும்புக் கதவில் ரிப்பன்களையும் பூக்களையும் கட்டிவிட்டுப் போகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. உங்கள் கல்லில் இருக்கும் குழந்தைக்குப் பெயரைச் செதுக்கவைக்க ஒருவராவது இருந்தார்.

இனி, நீங்கள் அங்கே உட்கார்ந்தது தவறா? இல்லை. தயங்காமல் சொல்வேன். லண்டனின் பன்ஹில் ஃபீல்ட்ஸில் 1854இல் அடக்கம் செய்வது நின்றது. 1869இல் அதைப் பொதுத் தோட்டமாகவே திறந்துவிட்டார்கள். உயிரோடிருப்பவர்கள் வந்து அமரட்டும் என்று முடிவு செய்துதான். கவிஞர் வில்லியம் பிளேக்கை 1827இல் அங்கே புதைத்தபோது கல் வைக்கவில்லை. பின்னாளில் வந்த நினைவுக்கல்லும் அவர் "அருகில்" இருக்கிறார் என்று மட்டுமே சொன்னது. சரியான இடத்தில் கல் நட்டது 2018இல். அதுவரை அவர் எங்கே கிடக்கிறார் என்று அறியாமல் அந்தப் புல்வெளியில் எத்தனையோ பேர் அமர்ந்து, உணவுப் பொட்டலம் பிரித்து, எழுந்து போயிருக்கிறார்கள். அதில் அவருக்கு அவமரியாதை நேர்ந்ததாக நான் நினைக்கவில்லை.

சாய்ந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. கூச்சத்துக்காகச் சொல்லவில்லை, கல்லுக்காகச் சொல்கிறேன். பழைய கற்களின் அடிப்பகுதி தளர்ந்திருக்கும். மணற்கல்லானால் மேற்பரப்பு ஏடு ஏடாக உரியும். ஓர் எழுத்து உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். படிக்க முடியவில்லை என்று பாசியைச் சுரண்டாதீர்கள், சுண்ணக்கட்டியும் தேய்க்காதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். அல்லது ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். மங்கிய எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும்.

அந்தக் குழந்தையின் வயதை எழுதியிருக்கிறீர்கள், பெயரை எழுதவில்லை. குறித்து வைத்திருந்தால், கல்லில் உள்ள ஆண்டோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.